வீட்டுப் பேச்சும் மனநல மீட்சியும்: குடும்ப சிகிச்சை பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மனநலப் பிரிவிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டும், மாத்திரைகளை உண்ணும் முறையும், அடுத்து வர வேண்டிய தேதியும் குடும்பத்தாரிடம் தரப்படுகின்றன. இவற்றைப் பெரும்பாலோர் பத்திரமாக வைத்துக்கொள்கின்றனர். ஆயினும் வீட்டுக்குள் நுழைந்த மறுநாளே எழும் கேள்விகளுக்கு அந்தச் சீட்டில் விடை இராது. காலையில் நெடுநேரம் உறங்குபவரை எழுப்பலாமா? மாத்திரை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன சொல்வது? காதில் குரல் கேட்கிறது என்று அவர் சொல்லும்போது ஆம் என்பதா, இல்லை என்பதா? இத்தகைய கேள்விகளுக்குக் குடும்பமும் மருத்துவக் குழுவும் சேர்ந்து விடை தேடும் முறையே குடும்ப சிகிச்சை.

இச்சிகிச்சை பலவகை நோய்களில் பயன்படுகிறது. மன அழுத்த நோய், இருமுனை மனநோய், மதுப்பழக்கம், வளரிளம் பருவத்தினரின் உணவு உண்ணல் கோளாறுகள் ஆகியவை அவற்றுள் சில. எனினும் மிக விரிவாக ஆராயப்பட்டது மனச்சிதைவு நோயில்தான். ஆகவே அந்நோயையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் எழுதப்படுகிறது. இதில் கூறப்படும் பேச்சுப் பயிற்சிகளுள் பெரும்பாலானவை நெடுநாள் நோயுற்ற ஒருவர் இருக்கும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

குடும்பம் நோய்க்குக் காரணமா?

குடும்பத்தினரை அமர்வுக்கு அழைக்கும்போது பல பெற்றோர் மனத்தில் எழும் முதல் எண்ணம், "எங்கள் மீது குற்றம் சுமத்தப் போகிறார்களோ" என்பதே. அந்த அச்சத்துக்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. 1948இல் ஃபிரீடா ஃபிரோம் ரைஷ்மன் என்னும் மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தம் கட்டுரையில் பயன்படுத்தினார். தாயின் வளர்ப்பு முறையே இந்நோய்க்குக் காரணம் என்னும் கருத்து அடுத்த சில பத்தாண்டுகள் மேலைநாடுகளில் பரவியிருந்தது. நோயின் துயரோடு பழியின் துயரையும் எத்தனையோ தாய்மார் சுமந்தனர்.

அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டது. மரபணுக்கள் வழி வரும் பாதிப்பு, கருவிலும் பிறப்பிலும் நேரும் இடர்கள், மூளையின் வளர்ச்சியிலும் வேதிச் செயல்பாட்டிலும் ஏற்படும் மாற்றங்கள், வாழ்க்கை நெருக்கடிகள், கஞ்சா போன்ற போதைப் பொருள்கள் எனப் பல கூறுகள் சேர்ந்தே இந்நோய் தோன்றுகிறது. நீங்கள் கண்டித்து வளர்த்ததாலோ, செல்லம் கொடுத்து வளர்த்ததாலோ உங்கள் பிள்ளைக்கு இந்நோய் வரவில்லை.

ஆனால் நோய் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி. வந்தபின் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது வேறொரு கேள்வி. சர்க்கரை நோயை வீட்டுச் சமையல் மட்டுமே உண்டாக்குவதில்லை. ஆயினும் நோய் வந்தபின் வீட்டுச் சமையல் எவ்வளவு முக்கியம் என்பதை நாம் அறிவோம். மனச்சிதைவு நோயில் வீட்டுப் பேச்சுக்கும் ஏறத்தாழ அத்தகைய இடம் உண்டு.

ஆய்வுகள் காட்டியது என்ன?

1950களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்னும் சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தனர். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தோரிடமோ வாடகை விடுதிகளிலோ தங்கியவர்கள் நலமாக இருந்தனர். அன்பு மிகுந்த இடத்தில்தானே நலம் மிகுதியாக இருக்க வேண்டும்? இந்தப் புதிருக்கு விடை காண, குடும்பத்தினருடன் நீண்ட நேர்காணல்கள் நடத்தி, அவர்கள் நோயாளியைப் பற்றி எவ்வாறு பேசுகின்றனர் என்பதைச் சொல்லாலும் குரலின் தொனியாலும் அளந்தனர்.

1972இல் வெளியான ஆய்வில் 101 நோயாளிகள் இடம்பெற்றனர். கடுமையான குறைகூறலோ வெறுப்போ அளவுமீறிய பதற்றமோ நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுள் 58 விழுக்காட்டினருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கியது. அவ்வாறு இல்லாத வீடுகளில் அது 16 விழுக்காடு மட்டுமே. நெருக்கடி மிகுந்த வீடுகளிலும் மருந்தைத் தவறாது உட்கொள்ளுதல், வாரத்தில் 35 மணி நேரத்துக்கும் குறைவாக முகத்துக்கு முகம் கழித்தல் ஆகிய இரண்டும் நோயாளியைக் காக்கின்றன என்பதை 1976இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் எடுத்துக்காட்டினர்.

இந்தச் சூழலை மாற்ற முடியுமா என்பதே அடுத்த கேள்வி. 1982இல் லெஃப் குழுவினர் நெருக்கடி மிகுந்த 24 குடும்பங்களை இரு பிரிவாகப் பிரித்தனர். இரு பிரிவினருக்கும் மருந்து உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் நோய் பற்றிய பாடமும், குடும்பங்கள் கூடிப் பேசும் குழுவும், வீட்டிலேயே குடும்ப அமர்வுகளும் கூடுதலாக வழங்கப்பட்டன. ஒன்பது மாதங்களில் மருந்து மட்டும் பெற்ற பிரிவில் பாதிப்பேருக்கு நோய் திரும்பியது; குடும்ப சிகிச்சையும் பெற்ற பிரிவில் ஒருவருக்கு மட்டுமே. சிறிய ஆய்வுதான். எனினும் பின்னர் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளும், மருந்தோடு குடும்ப சிகிச்சையும் சேரும்போது நோய் திரும்புவது குறைகிறது என்பதையே உறுதிசெய்தன. மருந்துக்குப் பதிலாகக் குடும்ப சிகிச்சை என்பது இதன் பொருளன்று. மருந்தோடு சேர்த்தே அதன் பயன் கிடைக்கிறது.

நம் நாட்டின் அனுபவம்

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பதை இந்தியா மேலைநாடுகளிடமிருந்து கற்கவில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து நோயாளிகளின் உறவினர்களை உடன் தங்கவைத்தார். நோயாளியைப் பேணும் முறையை அவர்கள் அங்கேயே கண்டு கற்றனர். அச்சம் நீங்கி அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் தொடக்க காலம் முதலே நோயாளியுடன் குடும்பத்தினர் தங்கும் வழக்கம் நிலைபெற்றது. நோயாளியை உறவினரிடமிருந்து பிரித்து உயர்ந்த மதில்களுக்குள் வைத்திருந்த காலத்தில் இவை துணிவான முயற்சிகள்.

1980களில் சண்டிகரில் நடந்த ஆய்வு நமக்கு மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. லண்டன் ஆய்வில் பயன்பட்ட அதே முறையால் அளந்தபோது, குறைகூறலும் பதற்றமும் மிகுந்த குடும்பங்கள் அங்கு மிகக் குறைவாகவே காணப்பட்டன. நோயாளிகளின் மீட்சியும் லண்டனைவிட மேலாக இருந்தது. ஓராண்டுக்குப் பின் நோய் திரும்பியதோடு தனித்துத் தொடர்புற்றிருந்த கூறு வெறுப்பே. குறையைச் சுட்டுவது ஒன்று, ஆளையே ஒதுக்குவது வேறொன்று என்னும் வேறுபாட்டை இது நமக்கு நினைவூட்டுகிறது.

நோயை வளர்க்கும் மூன்று பேச்சு முறைகள்

முதலாவது, இடைவிடாத குறைகூறல். "மணி பதினொண்ணு ஆச்சு, இன்னும் எழுந்திருக்கலையா? ஊரே வேலைக்குப் போயாச்சு." இதில் தகப்பனாரின் கவலை இருக்கிறது, மகன் காதில் விழுவதோ கண்டனம் மட்டுமே.

இரண்டாவது, வெறுப்பு. "உன்னாலதான் இந்த வீட்டுக்கு இந்த நிலைமை. நீ இருந்து என்ன பிரயோஜனம்?" முதல் வாக்கியம் ஒரு செயலைக் குறை கூறியது; இது ஆளையே தள்ளுகிறது. ஒருமுறை சொன்னாலும் நெடுநாள் நிற்பது இதுவே.

மூன்றாவது, அளவுமீறிய அக்கறை. இருபத்தெட்டு வயது மகனுக்குத் தாய் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார். அவன் அறை வாசலிலேயே படுத்துறங்குகிறார். திருமணம், கோயில் எங்கும் போவதில்லை. மருத்துவர் மகனிடம் கேட்கும் கேள்விக்கும் தாமே விடை சொல்கிறார். இது முழுக்க முழுக்க அன்பிலிருந்து எழுவது. ஆயினும் "உன்னால் எதுவும் இயலாது" என்னும் செய்தியையே அது நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. தாயும் களைத்துப் போகிறார். அக்களைப்பு ஒரு நாள் கோபமாக வெடிக்கிறது.

நம் குடும்பங்களில் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வது இயல்பு. வளர்ந்த மகனுக்குத் தாய் பரிமாறுவதையோ, மகளின் மருத்துவச் சந்திப்புக்குத் தந்தை உடன் வருவதையோ எவரும் தவறு என்று கூறமாட்டார். அவரால் இயன்றதையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறோமா என்பதே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

சோம்பல் அன்று, நோயின் ஒரு கூறு

குறைகூறல்களைக் கூர்ந்து கேட்டால், அவற்றில் பெரும்பகுதி குரல் கேட்பது பற்றியோ சந்தேகம் பற்றியோ இருப்பதில்லை. குளிக்காமை, எழாமை, பேசாமை, வேலைக்குப் போகாமை ஆகியவை பற்றியே இருக்கும். காதில் குரல் கேட்பதை எல்லாரும் நோய் என்று ஒப்புக்கொள்கின்றனர். ஊக்கமின்மையை மட்டும் சோம்பல் என்றும் திமிர் என்றும் கருதுகின்றனர்.

மனச்சிதைவு நோயில் ஒரு செயலைத் தொடங்கும் ஆற்றலே குன்றுகிறது. முகத்தில் உணர்ச்சி குறைவதால், "இவனுக்கு நம்ம மேல பாசமே இல்லை" என்று வீட்டார் மனம் வருந்துகின்றனர். ஆனால் முகத்தில் தெரியாத அன்பு உள்ளே இருக்கக்கூடும். கவனமும் நினைவாற்றலும் தளர்வதால், ஒரே மூச்சில் சொல்லப்படும் நான்கு வேலைகளுள் ஒன்றே நினைவில் நிற்கலாம். சில மருந்துகளும் உறக்கத்தை மிகுவிக்கின்றன. எலும்பு முறிந்த காலோடு இருப்பவரைப் படியேறச் சொல்லி எவரும் ஏசுவதில்லை, கட்டு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால். இந்நோயில் கட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. குடும்ப சிகிச்சையின் முதல் சில அமர்வுகள் நோயைப் பற்றிய பாடமாக அமைவது இதனாலேயே. காரணம் விளங்கியவுடன் பல வீடுகளில் கோபம் தானே தணியத் தொடங்குகிறது.

அமர்வில் என்ன நடக்கும்?

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரோ இருவரோ அமர்வை நடத்துவர். நோயாளியும் அவரோடு வாழ்பவர்களும் வட்டமாக அமர்வர். ஓர் அமர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல், மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது பத்து அமர்வுகளைப் பரிந்துரைக்கிறது. தொலைவிலிருந்து வருவோருக்கும் நாட்கூலியை இழந்து வருவோருக்கும் அத்தனை முறை வருவது கடினம். மருந்து வாங்க வரும் நாளிலேயே அமர்வை வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

இது ஊர்ப் பஞ்சாயத்து அன்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லப்படுவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாதிருத்தல், நோயாளியைப் பற்றி அவர் இல்லாதது போலப் பேசாதிருத்தல், அமர்வில் கேட்டதை வீட்டில் சண்டைக்கு ஆயுதமாக்காதிருத்தல் ஆகிய விதிகள் தொடக்கத்திலேயே வகுக்கப்படும். வீட்டில் எப்போதும் பேசுபவர் சற்றுக் கேட்பதும், எப்போதும் மௌனமாக இருப்பவர் சற்றுப் பேசுவதும் முதல் மாற்றங்கள். பல வீடுகளில் அண்ணனின் நோயால் தன் படிப்பும் திருமணமும் தள்ளிப்போன தங்கை, தன் மனத்தில் உள்ளதை முதன்முறை சொல்வது அமர்வில்தான்.

நான்கு பேச்சுப் பயிற்சிகள்

பேச்சு என்பது பிறவிக் குணம் அன்று. பயின்றால் வரும் திறன். இயன் ஃபாலூன் என்னும் மனநல மருத்துவர் வகுத்த குடும்ப சிகிச்சை முறையில் கற்பிக்கப்படும் நான்கு பயிற்சிகளை இங்கே தருகிறோம்.

1. நல்லதைக் கண்டவுடன் சொல்லுதல். என்ன செய்தார், அது உங்களுக்கு எவ்வாறு இருந்தது என்னும் இரண்டையும் சொல்லுங்கள். "இன்னைக்கு நீயே தட்டைக் கழுவி வச்சப்ப எனக்கு ஆறுதலா இருந்துச்சுப்பா." "இன்னைக்காவது கழுவினியே" என்பது பாராட்டு அன்று, அதில் நேற்றைய குறை ஒளிந்திருக்கிறது.

2. வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுதல். "நீ ஒழுங்கா இரு" என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்காது. "சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்குப் போய் அரை லிட்டர் பால் வாங்கிட்டு வர்றியா? எனக்கு உதவியா இருக்கும்" என்றால் விளங்கும். ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோள் போதும். வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். விடை வரச் சற்று நேரம் கொடுங்கள்.

3. வருத்தத்தைக் கோபமாக்காமல் சொல்லுதல். குடும்பத்தினர் எதையும் சொல்லாமல் விழுங்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. சொல்லும் முறையே மாற வேண்டும். "எப்பப் பாரு டிவியை அலறவிடுற, உனக்கு யாரைப் பத்தியும் கவலை இல்லை" என்பதற்குப் பதிலாக, "ராத்திரி பத்து மணிக்கு மேல டிவி சத்தமா இருந்தா என்னால தூங்க முடியலை, காலையில வேலையில தலைவலிக்குது. பத்து மணிக்குச் சத்தத்தைக் குறைச்சுக்கிறியா?" என்று கூறலாம். "எப்பவும்", "ஒருநாளும்", "உன்னை மாதிரி" ஆகிய சொற்கள் வாயில் வரும்போது சற்று நிறுத்துங்கள்.

4. காதுகொடுத்துக் கேட்டல். கைப்பேசியைக் கீழே வையுங்கள், முகத்தைப் பாருங்கள், அறிவுரையை ஒத்திவையுங்கள். கேட்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" என்று வினவுங்கள். பத்து நிமிடம் இவ்வாறு கேட்பது, ஒரு மணி நேரப் புத்திமதியைவிடப் பயன் தரும்.

சிக்கலைத் தீர்க்கும் ஆறு படிகள்

பேச்சு ஓரளவு சீரானதும் சிகிச்சையாளர் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அதைப் படிப்படியாகத் தீர்க்கக் கற்பிப்பார். காலையில் எழாத மகனைப் பற்றிய சண்டையையே எடுத்துக்கொள்வோம்.

முதற்படி, சிக்கல் என்ன என்பதை எல்லாரும் ஒப்பும் சொற்களில் கூறுதல். "இவன் சோம்பேறி" என்பதை மகன் ஒப்பமாட்டான். "காலை பதினொரு மணி வரை உறங்குவதால் காலை உணவும் காலை மாத்திரையும் தவறுகின்றன" என்பதை ஒப்புவான்.

இரண்டாம் படி, மனத்தில் தோன்றும் வழிகளையெல்லாம் சரி, தவறு பாராமல் ஒரு தாளில் எழுதுதல். கடிகார அலாரம் வைக்கலாம். தந்தை காப்பியோடு எழுப்பலாம். இரவு மாத்திரையைச் சற்று முன்னதாக எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எட்டரை மணிக்கு அவனுக்கென ஒரு வேலை வைக்கலாம். தண்ணீர் தெளிக்கலாம் என்று தங்கை சொல்லலாம். அதையும் எழுதுங்கள்; எல்லாரும் சேர்ந்து சிரிப்பதும் நல்லதே.

மூன்றாம் படி, ஒவ்வொரு வழியின் நன்மையையும் குறையையும் சுருக்கமாகப் பேசுதல். இந்த இடத்தில்தான் புதிய செய்திகள் வெளிவரும். வீட்டின் கடைசித் தொலைக்காட்சித் தொடர் முடிந்தபின் பதினொன்றரை மணிக்கே இரவு மாத்திரை தரப்படுகிறது என்பது அப்போது தெரியவரலாம். மயக்கம் முற்பகல் வரை நீடிப்பதில் வியப்பில்லை.

நான்காம் படி, எளிதில் செய்யக்கூடிய ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்தல். ஐந்தாம் படி, யார், எப்போது, எதைச் செய்வது என்று தீர்மானித்தல்: மருத்துவரிடம் தாய் தொலைபேசியில் கேட்பார், அவர் இசைந்தால் ஒன்பது மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்குத் தந்தை ஒரே ஒருமுறை எழுப்புவார், இரண்டாம் முறை இல்லை. ஆறாம் படி, ஞாயிற்றுக்கிழமை மாலை மீண்டும் அமர்ந்து, நடந்ததைப் பார்த்தல். பதினொரு மணி பத்தாகியிருந்தால் அது முன்னேற்றமே. பயன் இல்லையெனில் தாளில் உள்ள அடுத்த வழியை எடுங்கள்.

இவ்வாறு செய்யும்போது சிக்கல் மகனாக இருப்பதில்லை. சிக்கல் தாளில் இருக்கிறது. மகனும் மற்றவர்களும் அதற்கு எதிரே ஒரே பக்கத்தில் அமர்ந்திருக்கின்றனர்.

குரல் கேட்கிறது என்று சொல்லும்போது

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை, சும்மா இரு" என்று மறுப்பதால் நம்பிக்கை குலையும். "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று இசைவதும் தீங்கு. மூன்றாவது வழி ஒன்று உண்டு: அவருடைய உணர்வை ஏற்று, உங்கள் அனுபவத்தை உள்ளபடி சொல்வது. "எனக்குக் கேட்கலைப்பா. ஆனா உனக்குக் கேட்குறது உன்னைப் பயமுறுத்துதுன்னு தெரியுது. கொஞ்ச நேரம் நான் பக்கத்துல உட்காரட்டுமா?" வாதத்தால் எவருடைய ஐயமும் நீங்கியதில்லை, துணையால் அச்சம் குறைந்ததுண்டு.

மாத்திரையைச் சோற்றிலோ காப்பியிலோ மறைத்துக் கொடுப்பது பல வீடுகளில் நிகழ்கிறது. வேறு வழியின்றிச் செய்கின்றனர் என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் ஒரு நாள் அது தெரியவரும்போது, உணவின் மீதும் உங்கள் மீதும் ஐயம் பிறக்கும். மறைத்துக் கொடுக்கிறீர்கள் எனில் அதை மருத்துவரிடம் தயங்காது கூறுங்கள். மாத்திரையை ஏன் மறுக்கிறார் என்று அவரையே கேட்பதும் தேவை. கை நடுக்கம், உடல் எடை கூடுதல், தாம்பத்திய வாழ்வில் குறைபாடு போன்ற, வெளியே சொல்லக் கூசும் காரணங்கள் இருக்கலாம். இவற்றுள் பலவற்றுக்கு மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ தீர்வு காண இயலும்.

நோயுற்றிருக்கும் உங்களுக்கு

இப்பாடம் உங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. அமர்வில் உங்கள் சொல்லுக்கும் மற்றவர் சொல்லுக்கும் ஒரே மதிப்பு. எதைக் கேட்டால் உங்களுக்கு நோகிறது, எது உதவுகிறது என்பதைச் சொல்லுங்கள். வாயால் சொல்வது கடினமாயின் எழுதிக் கொண்டுவாருங்கள். வீட்டில் பேச்சு சூடேறும்போது, "எனக்கு இப்ப முடியலை, அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று கூறி மொட்டைமாடிக்கோ தெருமுனைக்கோ சென்று வருவது ஓடிப்போவது ஆகாது. அது உங்களைக் காத்துக்கொள்ளும் முறை. அதை முன்கூட்டியே வீட்டாருடன் பேசி வைத்துக்கொண்டால், நீங்கள் எழுந்து போகும்போது எவரும் பதறமாட்டார்.

பேணுவோரின் நலம்

ஓய்வின்றிப் பேணுபவரால் நெடுநாள் பொறுமையாகப் பேச இயலாது. வாரத்துக்குச் சில மணி நேரமேனும் உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள்: கோயிலோ, உடன்பிறந்தவர் வீடோ, நடைப்பயிற்சியோ. இருவரும் நாள் முழுதும் எதிரெதிரே இருக்காமல், அவர் பகல்நேர மறுவாழ்வு மையத்துக்கோ சிறு வேலைக்கோ சென்று வருவது இருவருக்கும் நலம். முன்பு கூறிய 35 மணி நேரக் கணக்கின் பயன் இதுவே.

வீட்டுக்கு வரும் உறவினர் கேட்கும் கேள்விகளும் சுமையே. "இன்னுமா சரியாகலை? கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார் ஒரு மாமா. அவரிடம் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை நோயாளியையும் கேட்டு முன்பே முடிவு செய்யுங்கள். "சிகிச்சை நடந்துட்டிருக்கு மாமா, டாக்டர் சொல்றபடி செய்றோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். திருமணம் இந்நோய்க்கு மருந்தன்று. நோயை மறைத்துச் செய்யும் திருமணம் இரு குடும்பங்களையும் துயரில் ஆழ்த்தும்.

கூட்டு அமர்வு பொருந்தாத நேரங்கள்

நோய் மிகக் கடுமையாக இருக்கும்போது முதலில் தேவைப்படுவது மருத்துவமே. அமர்வு பின்னர் வரலாம். வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருப்பின், அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசவைப்பது ஆபத்தானது. அத்தகைய நிலையை மருத்துவக் குழுவில் ஒருவரிடம் தனியே கூறுங்கள். மகளிர் உதவிக்கு 181 என்னும் எண் உண்டு.

நோய் திரும்புவதன் முன்னறிகுறிகளைக் குடும்பமே முதலில் காண்கிறது. உறக்கம் குறைதல், எரிச்சல், தனிமையை நாடுதல், ஐயப்பார்வை, உணவை மறுத்தல் ஆகியவை பொதுவானவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு முன்பு எவை தோன்றின என்பதை அவர் நலமாக இருக்கும்போதே சேர்ந்து எழுதி, அவை தோன்றினால் யாரை அழைப்பது என்பதையும் குறித்து வையுங்கள். இறந்துவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் அதை மிரட்டலாகக் கருதாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டெலிமானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

எவ்வாறு தொடங்குவது?

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, "எங்கள் குடும்பத்தோடு சேர்ந்து பேச ஒரு நேரம் வேண்டும்" என்று மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாரும் வர இயலாவிடினும் வரக்கூடியவர்களோடு தொடங்கலாம். அதுவரை இந்த வாரம் வீட்டில் செய்யத்தக்கவை மூன்று:

1. நாள்தோறும் ஒருவருக்கொருவர் ஒரு நல்ல செயலையாவது கண்டு சொல்லுங்கள். நோயாளியும் மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

2. மிகுதியாகச் சண்டை எழும் ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டுமே பேசுவது என்று முடிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் அது எழுந்தால், "ஞாயிற்றுக்கிழமை பேசிக்கலாம்" என்று விட்டுவிடுங்கள்.

3. நாளில் ஒருவேளை உணவையாவது நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசாமல் சேர்ந்து உண்ணுங்கள்.

ஒரே வாரத்தில் வீடு மாறிவிடாது. பழைய சொற்கள் பழக்கத்தால் வாயில் வரும். வந்தபின், "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று திருத்திக்கொள்ளலாம். எவ்வாறு நடந்தது என்பதை அடுத்த முறை வரும்போது உங்கள் சிகிச்சையாளரிடம் கூறுங்கள்; அங்கிருந்தே அமர்வைத் தொடங்கலாம்.